வக்தி வீட்டுச் சால்வை

எங்கள் மருந்தியல் கல்லூரியில் எல்லாமே பெயர் வரிசைதான். அலிஃபில் தொடங்கும் அஷ்ரஃபுகளும் இப்ராஹீம்களும் ஜன்னலோர மேசைகளில் காற்று வாங்குவார்கள். அரபி அரிச்சுவடியின் கடைசி இரண்டு எழுத்துகளுக்குச் சொந்தக்காரர்களான நாங்கள் மூன்று பேரும் கழுவுதொட்டிக்குப் பக்கத்தில் கிடப்போம். வக்தி, வஃபிய்யா, யும்னாவாகிய நான். ஐந்து வருடமும் அதே மேசை, அதே ஒழுகும் குழாய்.

கடைசி மேசைக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் தீர்ந்துபோயிருக்கும். அமிலக் குப்பியில் அடியில் ஒட்டியது மிஞ்சும். எங்கள் பங்குக்கு வரும் நுண்ணோக்கியில் கண்ணாடி கீறியிருக்கும். இலைத் தூளைப் பார்த்துப் படம் வரையச் சொன்னால் கீறலையும் சேர்த்து வரைந்து வைப்போம். வாய்மொழித் தேர்வு இன்னும் மோசம். விடிந்ததும் வந்து வராந்தாவில் உட்கார்ந்தால் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார்கள். அதற்குள் பேராசிரியருக்குப் பசி வந்திருக்கும், எங்களுக்குப் படித்தது போயிருக்கும். ஆனாலும் அந்த வராந்தாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு இனிக்கிறது. அவ்வளவு வயிறு குலுங்க நான் வேறெங்கும் சிரித்ததில்லை.

கல்லூரி வாசலில் ஸகி மாமாவின் ஃபூல் வண்டி நிற்கும். ஃபூல் என்பது மொச்சைக்கு அண்ணன் முறை. ராத்திரி முழுக்கத் தாமிரப் பானையில் வெந்து, காலையில் எண்ணெயும் சீரகமும் எலுமிச்சையும் பிழிந்து ரொட்டிக்குள் போய்விட்டால், மன்சூரா நகரத்தில் எவனும் மதியம் வரை பசி என்று வாய் திறக்க மாட்டான். வக்தி மட்டும் அதைத் தொட மாட்டான்.

"ஏண்டா வக்தி, நீ எகிப்துல பொறந்தவனா, இல்ல எவனோட பாஸ்போர்ட்டையாவது திருடிட்டு வந்தவனா?" என்பேன் நான்.

"எனக்கு வயித்துக்கு ஒத்துக்காது, விடு."

"அப்ப தஅமிய்யா சாப்பிடு. சூடா இருக்கு."

"அந்த வடையும் அதே பருப்புதானே யும்னா. கத்திரிக்காய் போதும்."

"பெரிய பாஷா வீட்டுப் பிள்ளை! மாமா, பாஷாவுக்குக் கத்திரிக்காயாம், வெள்ளித் தட்டுல வைங்க."

அன்றிலிருந்து ஸகி மாமாவுக்கும் அவன் பாஷாதான். வறுத்த கத்திரிக்காயைத் தனி எண்ணெயில், தனிக் கரண்டியில் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்பான். அதற்கும் சேர்த்துக் கிண்டல் செய்வேன். பங்குனி வெயில் ஏறும் சமயம், கால்வாய் ஓரத்து வயல்களில் மொச்சை பூத்துக் கிடக்கும்போது, அந்த வழியாக வரும் பஸ்ஸில் ஏற மாட்டான். ஊரைச் சுற்றிக்கொண்டு வருவான். பூவுக்குப் பயப்படும் ஆண்பிள்ளையை அன்றுதான் பார்த்தேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்தேன். அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பில் சற்றே பல் கடிப்பும் இருக்கும்.

மூன்றாம் வருடம் வஃபிய்யாவும் ஃபூல் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"உனக்கு என்னடி வந்துச்சு?"

"அவன் வெறும் கத்திரிக்காயை மென்னுக்கிட்டு நிக்கறப்ப நான் மட்டும் எப்படி அள்ளி அள்ளித் திங்கறது?"

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இரண்டு பேருக்கும் நடுவில் நான் எதற்கு உட்கார்ந்திருக்கிறேன் என்று. மேசைக்குள் யாரும் பெயர் வரிசை பார்ப்பதில்லை, இடத்தை மாற்றிக்கொண்டேன். குழாய்ப் பக்கம் எனக்குக் கிடைத்தது.

நாலாம் வருடத்து வாய்மொழித் தேர்வு ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். எங்கள் மூன்று பேரையும் ஒன்றாக உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார் பேராசிரியர். என்னிடம் ஏதோ கேட்டார், நான் உளறினேன். வஃபிய்யா பாதி சொன்னாள். வக்தி சுமாராகப் படிக்கிறவன். தேர்வறையில் அவன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவர் அவனைப் பார்த்து, "ரத்தத்தில் ஒரு நொதி குறைவாக இருக்கிறவர்கள் உண்டு. ஃபூல் சாப்பிட்டால் ரத்தம் உடையும். அப்படி ஒருவர் உன் கடைக்கு வந்தால் எதையெல்லாம் கொடுக்க மாட்டாய்?" என்றார்.

வக்தி தரையைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தான். மலேரியா மாத்திரை. சல்ஃபா வகையில் இன்னின்னது. சிறுநீர்க் கடுப்புக்குக் கொடுக்கும் அந்த மஞ்சள் மாத்திரை. நீலச் சாய ஊசி. பச்சை மொச்சை, வெந்த மொச்சை, பால் கொடுக்கும் தாய் சாப்பிட்ட மொச்சை. குழந்தை கையில் மருதாணி. மூச்சு விடாமல் சொன்னான்.

"கடைசியா பாச்சா உருண்டை, டாக்டர். அலமாரியில அதைப் போட்டு வச்ச துணி எதையும் குழந்தைக்குப் போர்த்தக் கூடாது. துவைச்சுக் காயப்போட்டாலும் மோந்து பார்க்கணும். வாசனை துளி இருந்தாலும் வேண்டாம்."

"இது எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"எங்கம்மா சொன்னாங்க, டாக்டர்."

அறையே சிரித்தது. பேராசிரியர் பசியையும் மறந்து சிரித்துவிட்டு முழு மதிப்பெண் போட்டார். நான் வெளியே வந்து வக்தியின் முதுகில் ஒன்று வைத்தேன். "வருஷம் முழுக்கப் படிச்சவ உளறிட்டு வரேன். நீ ஒரு கேள்விக்கு மட்டும் பதிலை மனப்பாடம் பண்ணிட்டு வந்து, அதையே அவர் கேக்கறாரு. உன் அதிர்ஷ்டம்டா!"

அவன் எனக்குக் கத்திரிக்காய் ரொட்டி வாங்கிக் கொடுத்தான்.

எங்கள் காலத்தில் படிப்பு முடிந்தால் மூன்றே வழி. கடை வைக்கலாம், மருந்துக் கம்பெனியின் தோல் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர்களின் படியேறலாம், வளைகுடாவுக்கு விமானம் ஏறலாம். அதுவரைக்கும் அரசாங்கம் ஏதாவது ஒரு மருத்துவமனையில் உட்கார வைக்கும். நான் ஆற்றுக்கு இக்கரையில், தல்காவில், ரயிலடிப் பக்கம் கடை வைத்தேன். ஊசி போடுவதிலிருந்து மாமியார் சண்டையைத் தீர்ப்பது வரை அங்கே எல்லாம் நடக்கும். வஃபிய்யா மன்சூரா அரசு மருத்துவமனை மருந்து ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வக்தி பையைத் தூக்கினான், வஃபிய்யாவைக் கட்டினான், ருதைனாவைப் பெற்றான். கல்யாணம் என்ற ஒன்றுக்கு எனக்குப் பொறுமை இருந்ததில்லை. அதனால் ருதைனா பாதி எனக்கும் மகள்தான்.

வக்தி ஆற்றுப் பாலத்து நெரிசலில் காருக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். ருதைனா அப்போது எங்கள் அதே கல்லூரியில் மூன்றாம் வருடம். அவள் பெயர் 'ரா'வில் ஆரம்பிப்பதால் நடு மேசை. உனக்கு வாழ்க்கையே புரியாதுடி என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

படித்து முடித்தவளுக்கு என் கடையைக் கொடுக்கத் தயாராக இருந்தேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? மருந்துப் பாதுகாப்பு வேலை என்று வீட்டில் ஒரு கணினி முன்னால் உட்கார்ந்தாள். எவனோ எந்த ஊரிலோ மாத்திரை சாப்பிட்டு அரிப்பு வந்தது என்று எழுதினால், இவள் அவனைக் கேள்வி கேட்டே கொல்லுவாள். வேறென்ன சாப்பிட்டாய், எதைத் தொட்டாய், வீட்டில் யாருக்காவது இப்படி உண்டா என்று. அவள் தோழிகள் இன்னும் மேலே போய், ஆளுக்கு ஆள் மரபணு பார்த்து மருந்தளவு சொல்கிற கூடங்களில் வேலை பார்க்கிறார்கள்.

"மனுஷ மூஞ்சியையே பார்க்காம ஒரு ஃபார்மஸிஸ்ட்டா?" என்றேன் ஒருநாள்.

"நீங்க மூஞ்சியைப் பார்த்தே மருந்து குடுத்துடறீங்க சித்தி. நான் கேள்வி கேட்டுட்டு முடிவு பண்றேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

வாயாடி. ஆனாலும் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

அவளுக்கும் ஷாதி என்ற இஞ்சினியருக்கும் போன வருடம் கல்யாணமானது. இந்த மார்ச்சில் ஆண்பிள்ளை. யாசீன் என்று பெயர். கேட்டதும் நான் கை தட்டினேன், யாவில் ஆரம்பிக்கிற பெயர், இவனும் கடைசி மேசைதான் என்று. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள் ருதைனா. ஏழாம் நாள் விழாவையும் அங்கேயே வைத்தார்கள்.

ஏழாம் நாள் என்றால் பித்தளை உரல் வேண்டும். பிள்ளையைச் சல்லடையில் படுக்க வைத்து, காதருகே உரலை இடித்து, அம்மா சொன்னதைக் கேள், அப்பா சொன்னதைக் கேட்காதே என்று கத்த வேண்டும். எங்கள் வட்டாரத்தில் யார் வீட்டு விழாவுக்கும் என் கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் பித்தளை உரல்தான் போகும். இடிக்கிறவளும் நானே. மருந்து இடித்த நாளைவிட அது பிள்ளைகள் காதருகே இடித்த நாள்தான் அதிகம்.

நான் உரலோடு நுழைந்தபோது சமையலறையில் போர் நடந்துகொண்டிருந்தது. ஷாதியின் அம்மா, ஹாஜியம்மா இன்ஸாஃப், ஊரிலிருந்து ஒரு கூடைப் பச்சை மொச்சை கொண்டு வந்திருந்தார். வஃபிய்யா அதை அப்படியே தூக்கிப் பால்கனியில் வைத்துக் கதவைப் பூட்டியிருந்தாள்.

"எங்க வயல்ல விளைஞ்சதும்மா! இன்னைக்குக் காலையில பறிச்சது. புள்ளை பெத்தவளுக்கு ஒரு கை குடுத்தா என்ன குறைஞ்சுபோகும்?" என்றார் ஹாஜியம்மா.

"அவ பால் குடுக்கறா. பிள்ளைக்கு வாயு பிடிக்கும்."

"எனக்கு அஞ்சு பிள்ளைங்க. அஞ்சுக்கும் ஃபூல் தின்னுதான் பால் குடுத்தேன். எதுக்கும் வாயு பிடிக்கல. எங்க ஊர் மொச்சை உங்க வீட்டுக்கு ஆகாதுன்னு நேரா சொல்லிடுங்களேன் சம்பந்தியம்மா."

"ஆகாது. போதுமா?" என்றாள் வஃபிய்யா.

அவள் அப்படிப் பேசுகிறவள் அல்ல. வஃபிய்யா மருந்து ஜன்னலில் தன்னைத் திட்டுகிறவனுக்கும் டீ வாங்கிக் கொடுப்பவள். சம்பந்தியம்மா முகம் கடுகடுவென்று ஆனது. நான் இருவருக்கும் நடுவில் உரலை வைத்து, முதலில் பிள்ளையைப் பார்க்கலாம் வாருங்கள் என்று இழுத்துக்கொண்டு போனேன்.

கூடத்தில் பெண்கள் கூட்டம். குழந்தைகளுக்கெல்லாம் மிட்டாய்ப் பை, மெழுகுவத்தி. கட்டிலுக்கு மேல் வெள்ளை டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. யாசீனுக்குக் கொஞ்சம் மஞ்சள் காமாலை, எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான், அதற்காக லைட் போட்டிருக்கிறோம் என்றாள் ஓர் அத்தை. குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தின் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லையாம். ருதைனா கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு சிரித்தாள்.

"ரொம்ப சமத்து சித்தி. ரெண்டு நாளா அழுகையே இல்ல. தூங்கிக்கிட்டே இருக்கான். பால் குடிக்கக்கூட எழுப்ப வேண்டியிருக்கு."

சல்லடையைத் தரையில் வைத்தார்கள். யாசீன் ஒரு பழைய பழுப்புக் கம்பளிச் சால்வைக்குள் சுருண்டிருந்தான். அந்தச் சால்வை எனக்குத் தெரியும். வக்தியின் அம்மா பின்னியது. அவனைச் சுற்றினார்கள், பிறகு ருதைனாவைச் சுற்றினார்கள். நான் மண்டி போட்டு உட்கார்ந்து உலக்கையைத் தூக்கினேன். ணங். ணங். ணங்.

பிள்ளை அசையவில்லை.

இந்த உரல் சத்தத்துக்கு நடுங்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. கை விரிந்து, முகம் சுருங்கி, வீடே கூடிவிடும்படி அழும். இவன் இமைகூட அசையவில்லை. குனிந்து பார்த்தேன். பாதம் வரை மஞ்சள். உதடு வெளிறியிருந்தது. குனிந்தபோது சால்வையிலிருந்து அந்த வாசனை மூக்கில் ஏறியது. அந்துருண்டை.

அந்த நொடியில் எனக்குக் கூடம் மறைந்துபோனது. அஸருக்குப் பிந்தைய வெயில், பேராசிரியரின் மேசை, தரையைப் பார்த்தபடி வக்தி. கடைசியா பாச்சா உருண்டை, டாக்டர். ஐந்து வருடத்தில் அவன் தடுமாறாமல் பதில் சொன்னது அந்த ஒரே ஒரு கேள்விக்குத்தான். கத்திரிக்காய். தனிக் கரண்டி. பூத்த வயலைச் சுற்றி வரும் பஸ். பால்கனியில் பூட்டிய மொச்சைக் கூடை. எங்கம்மா சொன்னாங்க.

உலக்கையைக் கீழே வைத்துவிட்டு வஃபிய்யாவின் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினேன்.

"வக்தி ஏண்டி ஃபூல் சாப்பிடல?"

"என்ன கேள்வி இது, இந்த நேரத்துல?"

"வஃபிய்யா!"

அவள் கண்ணைத் தாழ்த்தினாள். "நிச்சயம் ஆனப்பவே என்கிட்ட சொல்லிட்டான். ஆறு வயசுல ஃபூல் தின்னு செத்துப் பிழைச்சவன். அவங்கம்மா யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கியிருந்தாங்க. வீட்டுல ரெண்டு தங்கச்சிங்க இருந்தாங்க யும்னா. ரத்தத்துல கோளாறுன்னு வெளிய தெரிஞ்சா எவன் வந்து கட்டுவான்? அப்புறம் எங்களுக்கே ஒரு பொண்ணு."

அந்த வீட்டில் எப்போதும் ஒரு பெண் கல்யாணத்துக்குக் காத்திருந்தாள். அதனால் அவன் கடைசிவரை பாஷாவாகவே இருந்துவிட்டுப் போனான். எனக்குச் செத்தவன் மேல் கோபம் பொங்கியது. என்னிடமாவது சொல்லியிருக்கலாமே, ராஸ்கல்.

"அப்பன்கிட்ட இருந்து பொண்ணுக்கு, பொண்ணுகிட்ட இருந்து பேரனுக்கு. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்டி. அதனாலதான் அவ கர்ப்பமானதிலேர்ந்து ஒரு மொச்சைகூட உள்ள விடல. ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும், கோளாறு இருக்குன்னு வந்தா எப்படியாவது சொல்லிக்கலாம்னு இருந்தேன். நான் ஒழுங்காத்தானே காவல் காக்கறேன்?"

"அந்தச் சால்வையை எங்கேர்ந்துடி எடுத்தே?"

"பெட்டியிலேர்ந்து. போன வாரம். ஒரு நாள் வெயில்ல போட்டேன்." சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு நடுவில் புரிந்துவிட்டது. கை வாய்க்குப் போனது. "வக்தி இருந்தவரைக்கும் பாச்சா உருண்டை வாங்கவே விட மாட்டான். அவன் போனப்புறம் சால்வையைப் பூச்சி அரிச்சிடுமோன்னு நான்தான்... அவங்க வீட்டுப் பொருள்னு என்கிட்ட அது ஒண்ணுதான் இருக்கு யும்னா. அவனைப் பத்திரமா வச்சுக்கத்தான் போட்டேன்."

"அழாதே. முதல்ல ஆஸ்பத்திரி."

"சரி. ஆனா வெளிய காமாலைன்னு மட்டும் சொல்லு. உன் காலைத் தொடறேன். அந்தம்மா இருக்காங்க. காலையிலேர்ந்து என்கிட்ட குறை தேடிக்கிட்டு இருக்காங்க. தெரிஞ்சா பொண்ணு வாழ்க்கை போயிடும்."

கதவு திறந்தது. ருதைனா நின்றாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. போதுமான அளவு கேட்டிருந்தாள்.

திரும்பிப் போய், கூட்டத்துக்கு நடுவில் பிள்ளையைச் சால்வையிலிருந்து உருவி எடுத்தாள். சட்டையையும் கழற்றித் தூர எறிந்தாள். இடுப்புத் துணியை விரித்துப் பார்த்தாள். சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் இருந்தது.

"ருதைனா, என்ன பண்றே, குளிருது புள்ளைக்கு!" என்று ஹாஜியம்மா ஓடி வந்தார்.

"அத்தை, எங்கப்பாவுக்கு ஃபூல் ஆகாத ரத்தம். எனக்கு வந்து, எங்கிட்டேர்ந்து இவனுக்கு வந்திருக்கும். இந்தச் சால்வையில பாச்சா உருண்டை. ஷாதி, காரை எடு." பிறகு அம்மாவைப் பார்த்தாள். "ஊர் பேர் தெரியாதவங்களையெல்லாம் தினமும் கேக்கறேன், வீட்டுல யாருக்காவது உண்டான்னு. என் வீட்டை நான் கேக்கவே இல்லையேம்மா."

மெழுகுவத்தி பிடித்திருந்த ஒரு வாண்டு மட்டும் மிட்டாய் எப்போது என்று கேட்டது.

பாலத்தில் அன்றைக்கும் நெரிசல். வஃபிய்யா முன்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டாள். வக்தி போனதும் இதே பாலத்தில்தான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஷாதி ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நான் என் வாழ்நாளில் இவ்வளவு வேண்டிக்கொண்டதில்லை.

அக்கரைக் குழந்தைகள் மருத்துவமனையில் ஓர் இளம் பெண் டாக்டர் பிள்ளையைக் கையில் வாங்கினாள். ருதைனா அழாமல், வேலையில் பேசும் குரலில், என்ன நடந்தது என்று வரிசையாகச் சொன்னாள். ரத்தம் எடுத்தார்கள். காமாலை மூளையைத் தொடுவதற்கு நூலிழைதான் பாக்கி, ரத்தம் ஏற்ற வேண்டும், தேவைப்பட்டால் முழுவதும் மாற்ற வேண்டியிருக்கும் என்றாள் டாக்டர். யாசீனை நீல விளக்குக்குக் கீழே கண்ணைக் கட்டிப் படுக்க வைத்தார்கள்.

"இவனுக்கு எதையெல்லாம் குடுக்கக் கூடாதுன்னு கட்டில்ல எழுதி மாட்டிடலாம்" என்று டாக்டர் பேனாவை எடுத்தாள்.

ருதைனா என் பக்கம் திரும்பினாள். "சித்தி, அப்பா அன்னைக்குச் சொன்னாங்கன்னு காருல சொன்னீங்களே. அப்படியே சொல்லுங்க."

சொன்னேன். முந்தாநாள் சாப்பிட்டது எனக்கு நினைவிருக்காது. அது அப்படியே இருந்தது. மலேரியா மாத்திரையிலிருந்து மருதாணி வரை, அவன் மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கிச் சொன்னேன். துவைச்சுக் காயப்போட்டாலும் மோந்து பார்க்கணும் என்ற இடத்தில் என் குரல் உடைந்துவிட்டது. சுவரோரமாக நின்ற வஃபிய்யா அந்த வரியை முடித்தாள். "வாசனை துளி இருந்தாலும் வேண்டாம்." அவளும் அன்று அந்தத் தேர்வறையில் இருந்தவள்தானே.

டாக்டர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தாள். "மோந்து பார்க்கறதெல்லாம் நாங்க படிக்கலையே. யார் சொன்னது?"

"எங்கப்பா" என்றாள் ருதைனா.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் மதியத்துக்குள் மஞ்சள் இறங்கத் தொடங்கியது. ரத்தம் ஏற்றியதோடு சரி, மாற்ற வேண்டியிருக்கவில்லை. அவன் வீறிட்டு அழுத முதல் அழுகை வராந்தா வரை கேட்டது. நானும் வஃபிய்யாவும் அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கல்லூரி வராந்தாவில் உட்கார்ந்ததுபோலவே, எப்போது கூப்பிடுவார்கள் என்று. நடுவில்தான் ஓர் இடம் காலி.

அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தார் ஹாஜியம்மா. வஃபிய்யா முதுகை நிமிர்த்திக்கொண்டாள். தீர்ப்பு கேட்கிற முகம்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் சம்பந்தியம்மா" என்றார் அவர்.

"சொல்லியிருக்கணும்."

"கூடை மொச்சையைக் கொண்டுவந்து நீட்டினேனே. அதை அவ தின்னிருந்தா?" கொஞ்ச நேரம் தன் கறுப்பு முக்காட்டு நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்க சின்ன அண்ணனும் ஃபூல் தொட மாட்டான். வயித்துக்கு ஆகாதுன்னு சொல்லித்தான் அவனுக்கும் பொண்ணு எடுத்தோம். நாங்க மட்டும் சொன்னோமா?"

வஃபிய்யா அவரைப் பார்த்தாள். அவர் வஃபிய்யாவைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷம், இந்த மாகாணம் முழுக்க, எத்தனை பாஷாக்கள் கத்திரிக்காயை மென்றுகொண்டு நின்றிருப்பார்கள்! நான் ஆரம்பித்ததும் அவர்கள் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். நர்ஸ் வந்து அதட்டும் வரை சிரித்தோம். வஃபிய்யா மட்டும் சிரிப்பிலிருந்து நேராக அழுகைக்குப் போய்விட்டாள். சம்பந்தியம்மாதான் அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

யாசீன் இப்போது கொழுத்த கன்னத்தோடு வீட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறான். மெல்லிய பருத்தித் துணிதான் அவனுக்கு, அதையும் ருதைனா மோந்து பார்த்துவிட்டுத்தான் போர்த்துகிறாள். சால்வையை எரித்துவிடு என்று நான் சொல்லிப் பார்த்தேன். வஃபிய்யா கேட்கவில்லை. கோடை முழுக்கத் துவைத்தாள், பிள்ளைத் துணியோடு சேராமல் தனியாகக் காயப்போட்டாள், மறுபடி துவைத்தாள்.

போன வெள்ளிக்கிழமை நான் போனபோது அவள் பால்கனியில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாவிமகள், கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மோந்து பாரு" என்று நீட்டினாள்.

முகத்தைப் புதைத்து இழுத்தேன். அந்துருண்டை வாசனை துளியும் இல்லை. சோப்பு இல்லை, பெட்டி வாசனை இல்லை. வெயில் மட்டும்.

"ஒண்ணுமே இல்ல, பார்த்தியா?" என்றாள். "பெட்டியைத் திறந்தாலே குப்புன்னு அடிக்கும். இத்தனை வருஷம் அதைத்தான் அவன் வாசனைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப அதுவும் போச்சு."

நான் சால்வையை மடித்து அவள் மடியில் வைத்தேன்.

"அவன் வீட்டுக்குள்ள அந்த வாசனையை என்னைக்குடி விட்டான்? இப்பதான் இது வக்தி வீட்டுச் சால்வை."